டாக்டர் செர்வா உயிரோடு இருப்பது குறித்து

கொனோங்கோ
புதன்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஒபிரி அவர்களின் சமுகத்திற்கு, தங்கள் தங்கையின் கணவனும் அச்சகத் தொழிலாளியுமான டென்கொராங் தலைவணங்கி எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளால் இங்கு நானும் தங்கள் தங்கை நியார்கோவாவும் சுகம். எங்கள் ஒரே மகள் டாக்டர் செர்வாவும் சுகம், உயிருடன் இருக்கிறாள். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரான அக்காவும், முழங்கால் வலியோடு இருக்கும் குடும்பத் தலைவர் பெரியவரும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

இன்னார் உயிருடன் இருக்கிறார் என்று சொல்லிக் கடிதத்தைத் தொடங்குவது நல்ல பழக்கம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒபுவாசியிலிருந்து தாங்கள் அழுதுகொண்டே அழைத்தபோது, "செர்வாவுக்கு ஒண்ணும் ஆகல மச்சான், நல்லா இருக்கா" என்று நான் மூன்று தடவை சொன்னேன். தாங்கள் மூன்று தடவையும், "தெரியும் மாப்பிள்ளை. முதல் வாரம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் படுங்க" என்றீர்கள். திங்கட்கிழமை அவளே தங்களை அழைத்தாள். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் தாங்கள் அதைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டதாக, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அக்கா சொன்னார்கள். அக்காவுக்கும் பாதி நம்பிக்கைதான். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க தம்பி, பெரியவர்கிட்ட காட்டணும்" என்றார்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன். பிள்ளை தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவள், நான் பெற்றவன் மட்டுமே என்பது நம் வழக்கம். தங்கள் குடும்பத்துப் பெண்ணுக்குச் சாவுச் செய்தி பரவ நான் காரணமாகிவிட்டேன். எப்படி ஆனேன் என்பதைத் தங்களிடம் ஒப்புவிக்க வேண்டியது என் கடமை.

தங்கள் மருமகள் செர்வா டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து ஆண்டு ஆகிறது. சேமித்து வைத்த மக்காச்சோளத்தில் வரும் பூஞ்சையைப் பற்றி எட்டு ஆண்டு ஆராய்ந்து வாங்கிய பட்டம். அதன் பிறகு அவளுக்குக் கிடைத்தது கௌரவ விரிவுரையாளர் வேலை. அதில் கௌரவம் மட்டும்தான் உண்டு. மணிக்கணக்கில் பாடம் எடுக்க வேண்டும், நாற்காலி கிடையாது, மேசை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. ஒருநாள் அவளைப் பார்க்கப் போனபோது, வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அறுபது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இந்த செப்டம்பரோடு அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயது. இத்தனை ஆண்டில் அறுபத்தொரு இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். பல்கலைக்கழகங்கள், இன்னும் கொஞ்சம் அனுபவம் சேர்த்துக்கொண்டு வா என்றன. கம்பெனிகள் பதிலே போடவில்லை. ஒரே ஒரு கம்பெனிக்காரர் மட்டும் நேரில் பார்த்து, "அம்மா, உங்களுக்குப் படிப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்றாராம், காய்ச்சல் ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்வது போல.

அறுபத்தொரு இடத்துக்கும் அவள் அனுப்பியது ஒரே சி.வி. பதினேழு பக்கம். பல்கலைக்கழகத்துக்கும் அதே பதினேழு, மாவு மில்லுக்கும் அதே பதினேழு. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருபத்து மூன்று, மாநாடுகள் முப்பத்தொன்று, எடுத்த பாடங்கள், வழிகாட்டிய மாணவர்கள், இருந்த குழுக்கள், விடுதிச் சாப்பாட்டுக் குழு உட்பட. ஆய்வின் தலைப்பு மட்டும் மூன்று வரி. மூன்றாவது வரியைப் படிக்கும்போது முதல் வரி மறந்துவிடும். அந்த நிலைமையில்தான் தேமாவில் உள்ள ஒரு குழந்தைச் சத்துமாவுக் கம்பெனி, தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டது. பூஞ்சை பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. விவரங்கள் இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தாளில் அச்சிட்டு அனுப்ப வேண்டும் என்றும் போட்டிருந்தது. அந்த வேலை அவளுக்காகவே செய்தது போல் இருந்தது. பக்கம்தான் இடித்தது.

மூன்று வாரம் உட்கார்ந்து குறைத்தாள். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து என் முக்காலியில் உட்கார்ந்தவளிடம், "எவ்வளவு ஆச்சும்மா?" என்று கேட்டேன்.

"பதினாறரை."

"மூணு வாரத்துல அரைப் பக்கமா?"

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன்."

நான் வாங்கிப் பார்த்தேன். "இந்த மாநாட்டை எடுத்துடலாமே?" என்றேன்.

"அதுலதான்ப்பா நான் முதல் தடவையா மேடையில பேசினேன்."

"சரி, இது?"

"இதுல பேசல. போய்ச் சேர்ந்ததும் மலேரியா வந்து ஆறு நாள் படுத்துட்டேன். அதை எடுத்துட்டா சும்மா படுத்த மாதிரி ஆயிடும்."

மைத்துனரே, நான் முப்பத்தொரு ஆண்டாக, அடக்கத்தன்று கொடுக்கும் நினைவு மலர் அச்சிடுகிறவன். கொனோங்கோவிலும் சுற்று வட்டாரத்திலும் கௌரவமாக அடக்கம் ஆன எவரும் என் மெஷினுக்குள் வராமல் போனதில்லை. எண்பது வருட வாழ்க்கையை நான்கு பக்கத்துக்குள் கொண்டுவருவது என் அன்றாட வேலை. ஆகவே மகளுக்கு என் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னேன். போன ஆண்டு காலஞ்சென்ற அசியாமா அவர்களுக்கு மூன்று மலர் போட்டேன். சபைக்குக் கொடுத்ததில் அவர் இருபது ஆண்டு பாடகர் குழுவில் நின்றது முதலில் வந்தது. கொக்கோ கொள்முதல் சங்கத்துக்குக் கொடுத்ததில் தராசில் ஒருநாளும் கை வைக்காதவர் என்பது முதலில் வந்தது. கால்பந்துக் கழகத்துக்குக் கொடுத்ததில் பாட்டும் இல்லை, கொக்கோவும் இல்லை, ஒரே ஒரு கோல் மட்டும் வந்தது. "ஆள் ஒருத்தர்தான். மலர் மூணு. ஒண்ணுலயும் பொய் இல்லை. யார் படிக்கப் போறாங்கன்னு பார்த்துப் போடணும். அவ்வளவுதாம்மா விஷயம்" என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள்: "அவரு செத்துட்டாருப்பா. எதை விட்டாலும் வந்து கேக்கப் போறதில்ல. நான் இங்க உக்காந்திருக்கேன்."

அவள் அழுதுவிடுவாள் போல இருந்தது. கடைசியில் பென் டிரைவை மேசைமேல் வைத்தாள். கேப் கோஸ்ட்டில் ஒரு பள்ளியில் பத்து நாள் விடைத்தாள் திருத்தப் போக வேண்டியிருந்தது, மனுவுக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. "நீங்களே ரெண்டு பக்கமாக்கி அனுப்பிடுங்க. பார்க்கப் பார்க்க எனக்கு வெட்ட மனசு வரல" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "அப்பா, சாதாரணமா போடுங்க" என்று சொன்னாள். இந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கினேன் என்பதையும், அதற்கு என் தொழிலில் என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கடையில் சாதாரணம் என்றால் நான்கு வண்ணம், பளபளப்புத் தாள், முகப்பில் முழுப்படம். அதற்குக் கீழே நாங்கள் எதுவும் செய்வதில்லை.

மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு அதையே செய்தேன். கட்டுரைகளை எடுத்தேன், மாநாடுகளை எடுத்தேன், மலேரியாவையும் எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்த பிறகு பார்த்தால், பக்கத்தில் மகள் இல்லை. படிப்பு இருந்தது, வருடங்கள் இருந்தன, அவளைப் பற்றி ஒரு மனுஷர்கூடப் பேசவில்லை. புகழுரை இல்லாத மலரை நான் என் எதிரிக்கும் அச்சிட்டதில்லை. அவளுடைய சி.வி.யின் பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது: 'களப்பணி, எஜுரா சந்தை, மூன்று ஆண்டு.' பஸ்ஸில் போனால் எனக்கு வாந்தி வரும் என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோதே பார்த்திருக்கிறீர்கள். இருந்தாலும் புறப்பட்டுப் போனேன். இரண்டு இடத்தில் இறங்கினேன். எஜுராவில் மக்காச்சோள வியாபாரிகளின் தலைவி ஹாஜியா ரமாத்து என்றார்கள். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் படத்தைக் காட்டினேன்.

"அட, இது நம்ம பூஞ்சைப் பொண்ணு. நீங்க யாரு?" என்றார்.

"அப்பா."

"ஏன் இப்படி வாடிப்போயிருக்கீங்க? அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லம்மா, பஸ். அவ இங்க என்ன செஞ்சான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எட்டு வருஷம் படிச்சான்னு சொன்னா. வீட்டுல நீங்க கேட்டதே இல்லையா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் சொன்னார். முன்னெல்லாம் லாரி லாரியாகச் சோளம் பூஞ்சை என்று திரும்பி வருமாம், ஊரில் குழந்தைகளுக்கு வயிறு வீங்குமாம், செய்வினை என்பார்களாம். இவள் போய் மூன்று வருடம் அங்கேயே தங்கி, சோளத்தை ஈரத் தரையில் கொட்டாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சண்டை போட்டிருக்கிறாள். "நாங்க ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவா. ஒரு ஊதா விளக்கு வெச்சிருந்தா. இருட்டு ரூமுக்குள்ள சோளத்தைக் காட்டினா, கெட்டது பளிச்சுனு தெரியும். அவ போயி இத்தனை வருஷத்துல ஒரு லாரி திரும்பி வரல. என் பேத்திக்கு அவ பேரைத்தான் வெச்சோம். நாங்க முஸ்லிமுங்க, அந்தப் பேரு எங்கள்ல கிடையாது, இருந்தும் வெச்சோம்." மைத்துனரே, அந்தப் பேத்தி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எட்டு ஆண்டும் லீவுக்கு வந்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் பூஞ்சை என்று பேச்செடுத்த போதெல்லாம், 'சாப்பிடும்போது வேண்டாம்மா' என்று சொன்னவன் நான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஹாஜியா சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே உள்பக்கத்தில் போட்டேன். முகப்பில் பட்டமளிப்பு உடையில் அவள் படம். தங்க எழுத்தில் டாக்டர் செர்வா டென்கொராங். அதன் கீழே பிறந்த ஆண்டு, பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக விட்டேன், அதுதான் நியாயம். முகப்பையும் பின்னட்டையையும் எங்கள் தொழிலில் யாரும் பக்கமாக எண்ணுவதில்லை என்பதால், உள்ளே இரண்டே பக்கம், கம்பெனி கேட்டபடி. மரணத்தைக் குறிக்கும் ஒரு சொல் இருக்கிறதா என்று மூன்று தடவை பிழை திருத்தினேன். ஒன்றும் இல்லை. கூடவே, 'தங்கள் விளம்பரம் கண்டு அனுப்பப்படுகிறது' என்று ஒரு சீட்டு எழுதினேன். அதில் கையெழுத்து போடும் இடத்தில் பழக்கதோஷத்தில் 'குடும்பத்தார்' என்று போட்டுவிட்டேன். இதைத் தவிர வேறு பிழை என்னிடம் இல்லை என்று அப்போது நம்பினேன்.

அடுத்த புதன்கிழமை பார்சலில் பதில் வந்தது. இரண்டு பெட்டி சத்துமாவு, துக்க வீட்டுக்காரர்களுக்காக. கூடவே கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம். பணியாளர் பிரிவுத் தலைவி திருமதி லார்ட்டி கையெழுத்திட்டிருந்தார். வந்த விண்ணப்பங்களில் தேர்வுக் குழு முழுவதும் முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்தது இது ஒன்றைத்தான் என்றும், படித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நின்றதாகவும் எழுதியிருந்தது. 'அன்னார் இன்று நம்மிடையே இருந்திருந்தால் இந்தப் பதவியை அவருக்கே மனமுவந்து வழங்கியிருப்போம்' என்பது கடைசி வரி. நான் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, தோளில் பையோடு செர்வா உள்ளே வந்தாள்.

படித்தாள். மலரை எடுத்துப் பார்த்தாள். தங்கள் தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு செர்வா, "அஞ்சு வருஷத்துல எனக்கு வந்த முதல் நல்ல பதில் இது" என்றாள். "அதுக்கு நான் சாக வேண்டியிருந்துச்சு" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை. பையை அவிழ்க்காமலே அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் முதல் வண்டியில் தேமாவுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அவள் தாயிடம் போனில் சொன்னவை. தாய் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்க, நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவை. கேட்டில் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. அந்த மலரைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வாங்கியவர் அவர்தான். அடையாள அட்டையைக் காட்டியதும் இன்னும் கொஞ்சம் பின்னால் போனாராம். கடைசியில் திருமதி லார்ட்டியே கீழே இறங்கி வந்திருக்கிறார்.

"நீங்க அவங்களோட தங்கச்சியா?"

"நான்தாங்க அவங்க."

"அப்போ இறந்தது யாரு?"

"யாரும் இல்லைங்க. எங்க அப்பா பிரஸ் வெச்சிருக்காரு."

அந்த ஒரு பதிலில் அந்த அம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். நம் நாட்டில் பிறந்தவர்தானே, பிரஸ் என்றால் பாதி வேலை நினைவு மலர்தான் என்பது தெரியாதா. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாராம். செர்வா சிரிக்கவில்லை. கடிதத்தை விரித்து, "இது உங்க கையெழுத்துதானுங்களே?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்னோடதுதான். ஆனா அதுல 'இருந்திருந்தால்'னு போட்டிருக்கோமே."

"அதான் இருக்கேனே."

தேர்வுக் குழுவை அன்றைக்கே கூட்டிவிட்டார்கள். ஆனால் கோப்பில் வைக்க முறையான ஒரு சி.வி. வேண்டும், இந்த மலரை வைத்தால் தணிக்கைக்கு வருகிறவர்கள் அடக்கம் என்றைக்கு என்று கேட்பார்கள் என்று திருமதி லார்ட்டி சொல்லியிருக்கிறார். செர்வா வரவேற்பறையில் இரண்டு தாள் வாங்கி, அரை மணி நேரத்தில் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதல் வரி எஜுரா. ஊதா விளக்கு. திரும்பி வராத லாரிகள். டாக்டர் பட்டம் ஒரே வரி, ஆய்வின் தலைப்பே இல்லை. மூன்று வாரம் முடியாததை அரை மணியில் எப்படி முடித்தாய் என்று தாய் கேட்டதற்கு, "கோவத்துல எழுதினேன்மா. கோவத்துல வேண்டாதது ஞாபகம் வரல" என்றாளாம். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலை உறுதி என்று போன் வந்தது. வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். தோழியின் வீட்டில் தங்கிக்கொண்டு தேமாவிலேயே ரூம் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்று காலை புளித்த சோளமாவுக் கெங்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டாள் என்பதை அவள் உயிருடன் இருப்பதற்குச் சாட்சியாகப் பெரியவரிடம் சொல்லலாம்.

அந்தப் போனின் கடைசியில், "எஜுரா ஹாஜியாகிட்ட அப்பாவே போனாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தாய். "அவருக்கு பஸ்ல வாந்தி வருமே" என்றாள். ஆனால் உடனே, "இருந்தாலும் சொல்லிடு. இனிமே என் பேப்பர் எதையும் அவர் தொடக்கூடாது. அந்தப் பதினேழு பக்கத்தைக் கம்ப்யூட்டர்லருந்து அழிச்சிடச் சொல்லு. போதும்மா எனக்கு அது" என்றாள்.

ஒபுவாசிக்குச் செய்தி வந்த வழியைத் தாங்களே அறிவீர்கள். அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில் இருக்கும் பெண்ணின் தாயார் தங்கள் சபை. அந்தப் பெண் மலரைப் பார்த்த அன்றே ஊருக்குச் சொல்லிவிட்டாள். ஆளை நேரில் பார்த்த பிறகு திருத்திச் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் செர்வாவின் ஆத்துமாவுக்காக ஜெபித்ததாகக் கேள்விப்பட்டேன். ஜெபம் வீண்போகாது, பிற்பாடு உதவும். ஆனால் லாரி நிலையத்துச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ் டிரைவர் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். தங்கள் ஊர் அச்சகக்காரர் படத்தை நெற்றியோடு வெட்டியிருக்கிறார். வயதை நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லை. பிள்ளை எட்டு ஆண்டு உயிரைக் கொடுத்து வாங்கியது. செத்துப்போனாள் என்று போட்டதைக்கூட மன்னிப்பேன், அதை விட்டதை மன்னிக்க மாட்டேன்.

ஆகவே தங்களிடம் என் விண்ணப்பம் இதுதான். வருகிற சனிக்கிழமை குடும்பத்தார் ஒரு வாரத் துக்கத்துக்குக் கூடுவதாக இருப்பதை நிறுத்த வேண்டும். போஸ்டர்களைக் கிழித்துவிட வேண்டும். கூடியே தீர வேண்டும் என்றால், தேமாவில் கூடி அவளை வாழ்த்தலாம். வடக்கே புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் விரிவுரையாளர் பதவிக்கு ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருப்பதையும், தங்கள் மருமகள் அதற்கு மனுப் போட வேண்டும் என்று அக்கா ஆசைப்படுவதையும் அறிவேன். தயவுசெய்து அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பல்கலைக்கழகம் அவளை ஐந்து ஆண்டு குழாயடியில் உட்கார வைத்தது. இனி அந்த வாசலை அவள் மிதிக்க வேண்டியதில்லை. வெளியே ஒரு கௌரவமான உத்தியோகம் கிடைத்துவிட்டது, நான் முழு நிறைவோடு இருக்கிறேன். நேற்று தங்கள் தங்கையின் முன்னிலையில் பைபிள்மேல் கை வைத்து, மகளுடைய தாளை இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன். அந்தப் பதினேழு பக்கத்தையும் இன்றே அழித்துவிடுவேன்.

ஆண்டவர் தங்கள் குடும்பத்தில் ஒருவரையும் குறைக்காமல் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். பெரியவரின் முழங்காலுக்கு நியார்கோவா ஒரு தைலம் கொடுத்தனுப்புகிறாள். போன் காய்ந்துவிட்டால் செர்வா அழைக்கும்போது எடுத்துப் பேசவும்.

இப்படிக்கு,
நம் அன்பிற்குரிய, என்றும் நம் நினைவில் வாழும் (மன்னிக்கவும், கைப்பழக்கம்)
தங்கள் மைத்துனன் டென்கொராங்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு அந்தப் பதினேழு பக்கத்தை அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை படித்தேன். பதினான்காம் பக்கம் முழுவதும் அவள் வழிகாட்டிய பிள்ளைகளின் பெயர்கள், நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறாள். கம்பெனிக்கு அனுப்பும்போது அந்தப் பக்கத்தை ஒரே வெட்டில் வெட்டியவன் நான், அப்போது படிக்கவில்லை. நிறைவோடு இருக்கிறேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது உண்மை இல்லை. அவளைப் பேராசிரியர் என்று நாலு பேர் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை, பதின்மூன்று ஆண்டாக ஆசை. வடக்குப் பல்கலைக்கழக விளம்பரத்தில் 'முழு விவரம்' என்று கேட்டிருக்கிறார்கள். இன்றுதான் கடைசி நாள். ஆகவே பதினேழு பக்கத்தையும், மலேரியா மாநாடு உட்பட ஒரு வரி குறைக்காமல், சாதாரண வெள்ளைத் தாளில், படம் இல்லாமல், கூரியரில் அனுப்பிவிட்டு இப்போதுதான் வந்தேன். நியார்கோவாவுக்குத் தெரியாது. நேர்முகத்துக்கு அவளை அழைத்தால் விஷயம் வெளியே வந்துவிடும். அப்போது தாங்கள்தான் அனுப்பியதாகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் அவள் ஏன் என்று கேட்பாள், தாய்மாமனிடம் கேட்க மாட்டாள்.